ரூஃப் போடுற வரைக்கும்

செப்டம்பர் 8, திங்கள்

வீட்டு வேலை முடியும்வரை தினமும் என்ன நடந்தது என்று எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார் என் வீட்டுக்காரர். போனில் கேட்டால் நான் பாதியை மறந்துவிடுகிறேனாம். மஸ்கட்டில் பெரிய பெரிய கட்டடங்களுக்குச் சாரம் கட்டுகிறவருக்குத் தன் வீட்டுச் சுவர் இன்று எவ்வளவு ஏறியது என்று தெரியாமல் தூக்கம் வருவதில்லை. அதனால் மகள் நிவேதாவுக்கு எல்.ஐ.சி.காரர் கொடுத்த டைரியில் எழுதுகிறேன்.

இன்று கதவு ஜன்னலுக்கு மேலே, லிண்டலுக்கு மேல் கட்டு வேலை. கிழக்குச் சுவர் முடிந்தது.

பழைய வீடு கஜா புயலில் ஓடு பறந்த வீடு. இத்தனை வருஷமாகத் தார்ப்பாயைப் போட்டே ஓட்டினோம். அதன் முன்னால்தான் புது வீடு எழும்புகிறது. ரெத்தினம் மேஸ்திரி முதலில் நம் பக்கத்து ஆட்களை வைத்துத்தான் தொடங்கினார். ஒருநாள் வந்தால் மூன்று நாள் வரமாட்டார்கள். பேஸ்மட்டத்துக்கே கோடை முழுக்கப் போய்விட்டது. "நல்லாக் கட்டுறவன் பூரா சிங்கப்பூர்லயும் துபாய்லயும் கட்டிக்கிட்டுக் கெடக்கான் தங்கச்சி. இங்க மிச்சம் நானும் என் மூட்டுவலியுந்தான்" என்றார். ஆவணி பிறந்ததும் ஒடிசாவிலிருந்து நாலு பேரைக் கூட்டி வந்தார். அவர்கள் வந்த பிறகு சுவர் கண்ணெதிரே வளர்கிறது. குடி கிடையாது, பீடி கிடையாது, வாய்ச்சண்டை கிடையாது. விடிந்ததும் வேலையில் நிற்கிறார்கள்.

இரவும் அங்கேயே, சுவருக்கு நடுவில் தகரம் போட்டுப் படுத்துக்கொள்கிறார்கள். என் கதவுக்கும் அவர்களுக்கும் நடுவே ஒரு மணல் குவியல்தான். இதை அவரிடம் சொல்லவில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

சுவருக்குத் தண்ணீர் விட்டேன். இரண்டு ஜாக்கெட் தைத்து முடித்தேன். அவர் பேசினார். செங்கல் வெந்த செங்கலாகத்தான் வருகிறதா, தட்டிப் பார்த்து வாங்கினாயா என்று கேட்டார்.

செப்டம்பர் 11, வியாழன்

குளியலறை கொல்லையில் இருக்கிறது. அந்த நாலு பேரும் எழுவதற்கு முன்னால் குளித்துவிடுவது என்று வைத்திருக்கிறேன். இன்று துண்டும் வாளியுமாகத் திரும்பினால் இருட்டில் மோட்டார் பக்கத்தில் ஒரு உருவம். அவர்களில் ஒருவன், சுதாம்தான், டிரம்மில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு நான் உள்ளே போகிறவரை அப்படியே நின்றான்.

அவன் மேல் தப்பில்லை. ஆனாலும் உள்ளே வந்ததும் தாழ்ப்பாளைப் போட்டேன்.

நாலு பேரில் மூத்தவன் திரிலோசன். தமிழ்நாட்டில் வெகுநாளாக இருக்கிறான், அவன் வழியாகத்தான் பேச்சு. சுதாம் கம்பி கட்டுகிறவன், ஒல்லி, சின்ன வயசு. மற்ற இரண்டு பேர் பெயர் வாயில் நுழையவில்லை. நிவேதாவுக்குச் சுதாம் கட்டுக்கம்பியை வளைத்து ஒரு சைக்கிள் செய்து கொடுத்திருக்கிறான். தூக்கிப் போடச் சொன்னேன். பள்ளிக்கூடப் பையில் ஒளித்து வைத்திருக்கிறாள்.

செப்டம்பர் 13, சனி

கான்கிரீட்டைத் தாங்குகிற சென்டரிங் பலகை வந்து இறங்கியது. சவுக்கு முட்டு நாளை வரும்.

பள்ளிக்கூட அம்மாக்கள் குழுவில் ஒரு குரல் செய்தி வந்தது. ஒரு பெண் அழுதுகொண்டே பேசுகிறாள். வடக்கே இருந்து வந்தவர்கள் கட்டட வேலை செய்கிற மாதிரி ஊர் ஊராகத் தங்கிப் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போகிறார்களாம், பள்ளிக்கூட வாசலில்தான் நிற்பார்களாம், மூன்று பிள்ளை போய்விட்டதாம். எந்த ஊர் என்று சொல்லவில்லை. இரண்டு மூன்று தடவை போட்டுக் கேட்டேன். 'எல்லாரும் உஷாராக இருங்கள்' என்று நானும் கீழே எழுதினேன். சித்தி மகளுக்கும் அனுப்பினேன், அவளுக்கும் பெண் பிள்ளை.

சாயங்காலம் அண்ணன் வந்தார். துரைக்கண்ணு அண்ணன் கடைத்தெருவுக்குத் தெற்கே ஹாலோபிளாக் கல் போட்டு விற்கிறார். எங்கள் அப்பா போன பிறகு எனக்கு எல்லாம் அவர்தான். அதே குரல் செய்தியை அவரும் கேட்டிருந்தார்.

"ஊரே காவல் போடப்போவுது. நீ என்னன்னா நாலு பேர வீட்டு வளவுக்குள்ளயே வச்சிருக்க" என்றார்.

"மேஸ்திரி ஆளுங்கண்ணே. ஆதார் எல்லாம் வாங்கி வச்சிருக்காராம்."

"ஆதாரு என்னா செய்யும்? நீயும் புள்ளையும் தனியா கெடக்குறிய."

திரிலோசன் பலகை மேல் உட்கார்ந்து ஆணி பிடுங்கிக்கொண்டிருந்தான். அவனுக்குத் தமிழ் எவ்வளவு புரியும் என்று எனக்குத் தெரியாது.

செப்டம்பர் 15, திங்கள்

முட்டு ஊன்றிவிட்டார்கள். நேற்றும் இன்றும் அவர் பேசவில்லை. நான் அடித்தால் மணி போகவே இல்லை. அங்கே நெட் அடிக்கடி இப்படித்தான்.

செப்டம்பர் 16, செவ்வாய்

பேசவில்லை. அவரோடு அறையில் தங்கியிருக்கிற சேவியரைக் கூப்பிட்டேன். வேளாங்கண்ணிப் பக்கத்துப் பையன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன், எடுத்தான்.

"அண்ணனுக்கு வேற சைட்டு போட்டுட்டாங்கக்கா. ரொம்பத் தள்ளி, பாலைவனம் பக்கம். அங்க டவர் இல்லக்கா."

"எத்தனை நாளைக்குத் தம்பி?"

"ஒரு பத்து நாள் ஆகும்னு நெனக்கிறேன்க்கா. நீங்க ஒண்ணும் பயப்படாதீங்க."

நான் பயப்படுகிறேன் என்று அவனிடம் சொல்லவே இல்லை. நல்ல பையன். சொல்லாமலே புரிந்துகொண்டான்.

செப்டம்பர் 17, புதன்

அண்ணன் மீன் வாங்கி வந்தார். நல்ல கொடுவா. புரட்டாசி பிறந்துவிட்டது, நம் வீட்டில் கவிச்சி கிடையாது என்பதே மறந்துவிட்டது போல. நான் சொன்னதும் பையைத் திரும்ப எடுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். நிவேதா தலையைத் தடவினார். "எதுவா இருந்தாலும் அண்ணன் இருக்கேன்" என்றார். காவலைச் சொல்கிறார்.

மீனைத் திரிலோசனிடம் கொடுக்கச் சொன்னேன். கொடுக்காமல் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

செப்டம்பர் 19, வெள்ளி

கிழக்கே ஒரு ஊரில் பிள்ளை பிடிக்க வந்தவன் என்று ஒருவரை அடித்திருக்கிறார்கள். மூளை சரியில்லாதவராம், சோறு கேட்டு நின்றாராம். பிறகு பார்த்தால் அறந்தாங்கிக்காரர், தமிழ் ஆள். ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். தெரிந்த பிறகு குழுவில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அழுகிற குரல் மட்டும் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. இப்போது அதே குரல் வேறு ஊர்ப் பெயரோடு வருகிறது.

நம் ஊர்ப் பையன்கள் கடைத்தெரு முக்கில் குறுக்கே மரக்கட்டையைப் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஹாக்கி மட்டை எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. இந்த ஊரில் யாரும் ஹாக்கி ஆடி நான் பார்த்ததில்லை.

நாலு பேரும் வெளியே போவதை நிறுத்திவிட்டார்கள். அரிசி, உருளைக்கிழங்கு, கடுகெண்ணெய் எல்லாம் நானே பேராவூரணியில் வாங்கி வந்து கொடுக்கிறேன். கடைக்காரர் "இம்புட்டுக் கடுகெண்ணெய் யாருக்கு?" என்றார். ஊறுகாய்க்கு என்றேன்.

செப்டம்பர் 20, சனி

பெருமாளுக்குத் தளிகை போட்டேன். அவர் பேசவில்லை. பத்து நாள் என்றானே, இன்னும் ஆகவில்லை.

மதியம் திரிலோசன் கதவுக்கு வெளியே வந்து நின்றான். பின்னால் மற்ற மூன்று பேரும் நின்றார்கள்.

"அக்கா, நாங்க ஊருக்குப் போறது."

எனக்குச் சட்டென்று மேலே பார்க்கத்தான் தோன்றியது. பலகை அடித்து முடிந்துவிட்டது. கம்பி பாதி கட்டியிருக்கிறது. வானம் கறுத்துக்கொண்டு வருகிறது. இவர்கள் போனால் முட்டும் பலகையும் கம்பியும் மழையில் நிற்கும். அவர் போன் செய்து கேட்டால் என்ன சொல்வேன்.

"ஏன், என்னாச்சு?"

"வீட்ல பொம்பளைங்க அழுது. மொபைல்ல வீடியோ வருது. தமிழ்நாட்ல அடிக்கிறாங்க, கொல்றாங்க, அப்டி."

அங்கேயும் குரல் செய்தி போகிறதாம். நாங்கள் அவர்களைக் கொல்கிறோம் என்று.

"அதெல்லாம் பொய் திரிலோசன். இங்க எங்க அண்ணன் சொன்னாத்தான் எல்லாம். உங்கள யாரும் தொட மாட்டாங்க. ரூஃப் போட்டுட்டுப் போங்க. நான் சொல்றேன்ல."

அவன் திரும்பி அவர்கள் பாஷையில் சொன்னான். சுதாம் என்னைப் பார்த்தான். பிறகு தலையாட்டினான்.

மேஸ்திரிக்குப் போன் போட்டேன். புதன்கிழமை கான்கிரீட் என்று முடிவு செய்தார்.

செப்டம்பர் 21, ஞாயிறு

கம்பி கட்டுகிறார்கள். நாள் முழுக்க மேலே டக் டக் என்று சத்தம். அது நின்றால் எட்டிப் பார்க்கிறேன்.

செப்டம்பர் 22, திங்கள்

எழுத முடிகிற அளவுக்கு எழுதுகிறேன்.

காலையில் சுதாம் தன் போனைக் காட்டி ரீசார்ஜ் என்றான். கையில் அவசரத் தையல் இருந்தது. சாயங்காலம் போடுகிறேன் என்றேன்.

பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்குக் கொஞ்சம் கழித்துச் பக்கத்து வீட்டுச் செல்வியின் மகன் ஓடிவந்தான். "அத்தே, வடக்கத்தி ஆளு நிவேதாவத் தூக்கிட்டுப் போகப் பாத்தானாம், புடிச்சுட்டாங்க." எப்படி ஓடினேன் என்று தெரியாது. தைக்கிற டேப் கழுத்திலேயே இருந்தது. வழியில் அண்ணன் வண்டியில் எதிரே வந்தார். முன்னால் நிவேதா உட்கார்ந்திருந்தாள். உயிரோடிருந்தாள். அவளை இறக்கிக் கையைக் காலைத் தடவிப் பார்த்தேன். அவள் என் கழுத்திலிருந்த டேப்பைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "அம்மா, சுதாம் அண்ணா" என்றாள்.

ரீசார்ஜ் கடை பள்ளிக்கூடத்துக்கு எதிரே. அவன் அங்கே நின்றிருக்கிறான். இவள்தான் அவனைப் பார்த்து ஓடிப்போய்க் கையைப் பிடித்திருக்கிறாள். வீட்டுக்குச் சேர்ந்து போகலாம் என்று அவனை இழுத்திருக்கிறாள்.

நான் கடைத்தெருவுக்குப் போனேன். சாக்கடை ஓரத்தில் ஆட்கள் வளையமாக நின்றார்கள். எல்லாரும் தெரிந்தவர்கள். நான் யார் யார் வீட்டுக்கு ஜாக்கெட் தைக்கிறேனோ அந்த வீட்டு ஆட்கள். நடுவில் அவன் ஒருக்களித்துக் கிடந்தான். வலது கை இருக்கக் கூடாத பக்கம் இருந்தது. ஒருவன் இன்னும் காலால் தள்ளிக்கொண்டிருந்தான்.

"வந்துட்டியா, நல்ல வேளை, புள்ள தப்பிச்சுச்சு" என்று ஒரு அம்மா என்னைக் கட்டிப்பிடித்தார்.

அவன் எங்கள் வீட்டில் வேலை செய்கிறவன் என்று நான் சொன்னேன். யாருக்கும் கேட்டிருக்காது.

ரெத்தினம் மேஸ்திரி வந்து கும்பலுக்குள் புகுந்து கத்தின பிறகுதான் கலைந்தார்கள். அவரும் திரிலோசனும் ஆட்டோவில் தூக்கிப் போட்டுப் பட்டுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள்.

நிவேதா சாப்பிடவில்லை. "நான் சொன்னேம்மா, எங்க வீட்டு அண்ணன்னு எல்லார்ட்டயும் சொன்னேன்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். "கத்திச் சொன்னேம்மா" என்றாள்.

செப்டம்பர் 23, செவ்வாய்

மதியம் கொண்டு வந்தார்கள். கையில் மாவுக்கட்டு. முகம் வீங்கிக் கண் தெரியவில்லை. இரும்புத் தகடு வைக்க வேண்டும், தஞ்சாவூருக்குக் கொண்டு போங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். சுதாம் மாட்டேன் என்று சொல்லிவிட்டான். ஊருக்குப் போய்விட வேண்டும், அவ்வளவுதான்.

"கேஸ் குடுக்கலியாண்ணே?" என்று மேஸ்திரியிடம் கேட்டேன்.

"யாரு மேல குடுக்குறது தங்கச்சி? ஊரு மேலயா? கேஸுன்னா வாய்தாவுக்கு வாய்தா இவன் ஒடிசாவுல இருந்து வரணும். நானும் இங்கதான் பொழைக்கணும்."

வெளியே தகரத்துக்கு அடியில் போடச் சொன்னார். முக்கில் பையன்கள் இன்னும் இருக்கிறார்கள். நான் பழைய வீட்டுக் கூடத்தில் பாய் விரித்தேன். திரிலோசன் வாசலிலேயே தயங்கினான். "கொண்டா" என்றேன்.

கஞ்சி கொடுத்தேன். இடது கையால் குடிக்கத் தெரியாமல் சட்டையில் ஊற்றிக்கொண்டான். பிறகு தூங்கிவிட்டான். அவன் போன், கண்ணாடி நொறுங்கியது, தலைமாட்டில் அடித்துக்கொண்டே இருந்தது. நின்றால் உடனே மறுபடி அடித்தது. கடைசியில் திரிலோசன் எடுத்துக்கொண்டு வாசல்படிக்குப் போனான். ஒரு பெண்குரல் அந்தப் பக்கம் வேகமாகப் பேசியது. அவன் சிரித்த மாதிரி குரலை வைத்துக்கொண்டு பேசினான். எனக்கு ஒரு சொல்தான் புரிந்தது. டவர்.

அவன் வைத்த பிறகு கேட்டேன். "யாரு?"

"சுதாம் வீட்டுக்காரி."

"என்ன சொன்னே?"

"வேற சைட் போயிட்டான், தூரம், அங்க டவர் இல்லே, அப்டி. வீட்ல பயப்படும்ல அக்கா. யாருக்கு அடி பட்டாலும் நாங்க இதேதான் சொல்றது."

அடுப்பில் பால் வைத்திருந்தேன். அது பொங்கி அடுப்பு அணைந்தது. எழுந்து போய்த் துடைத்தேன். துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தேன் போல, நிவேதா வந்து கையைப் பிடித்தாள்.

சேவியருக்குப் போன் போட்டேன். அவன் எடுத்ததும், "தம்பி, டவர் இல்லன்னு சொல்லாத" என்றேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அவன் அழ ஆரம்பித்துவிட்டான். உயிருக்கு ஒன்றுமில்லைக்கா, உயிருக்கு ஒன்றுமில்லைக்கா என்று அதையே சொன்னான். சாரத்தில் இருந்து விழுந்திருக்கிறார். கீழே வலை கட்டவில்லை. ஆபரேஷன் முடிந்து பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறார். கம்பெனி ஆட்களைத் தவிர வேறு யாரையும் உள்ளே விடுவதில்லையாம். எந்த இடத்தில் அடி என்று கேட்டேன். இடுப்பு, கால் என்றான். அதற்கு மேல் எனக்குத் தெரியாதுக்கா என்றான்.

பொழுது சாய்கிற நேரத்தில் அண்ணன் வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றவில்லை.

"அவன உள்ள படுக்க வச்சிருக்கியாமே."

"ஆமா."

"மச்சான் இல்லாத வீட்டுல. ஊரு என்னா பேசும்னு யோசிச்சியா? பையனுக கொதிச்சுப்போய்க் கெடக்குறானுவ. அவனுவள இப்பவே வெளிய அனுப்பு. நான் சொல்லுறத அவனுக எம்புட்டு நேரம் கேப்பானுவன்னு எனக்கே தெரியல."

"மச்சான் எங்கண்ணே இருக்காரு?"

அவர் செருப்பைக் கழற்றினார்.

"எங்க இருக்காருண்ணே?"

"சேவியர் சொல்லிட்டானா?"

நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். அவருக்குத் தெரியும். அந்த நிமிஷம்வரை அது எனக்குத் தோன்றவே இல்லை.

"எத்தனை நாளா தெரியும்?"

மணல் குவியலில் உட்கார்ந்துவிட்டார். "மீனு வாங்கிட்டு வந்தேன்ல, அன்னிக்கிச் சொல்லத்தான் வந்தேன். முடியல. கண்ணு முழிச்சதும் மச்சான் மொத மொத கேட்டதே கான்கிரீட் எப்பன்னுதானாம். ரூஃப் போடுற வரைக்கும் சுகந்திக்குச் சொல்ல வேணாம்னாராம். நான் என்னா செய்ய ஆத்தா? அங்க போயி அவரத் தூக்க முடியுமா? எனக்கு இங்க உங்க ரெண்டு பேரையாச்சும்..." நிறுத்திக்கொண்டார். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

கடைத்தெருவில் அவர் அடித்தாரா என்று நான் கேட்கவில்லை. அவர் கையைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன்.

"அங்க விழுந்தவர யாருண்ணே தூக்கிட்டுப் போனது?"

"யாரோ பங்களாதேஷ் பயலுவளாம். சேவியர் சொன்னான்."

உள்ளே சுதாம் முனகினான்.

"இவங்க நாலு பேரும் உசுரோட ரயில் ஏறணும்ணே. நீதான் கொண்டுபோய் விடணும்" என்றேன்.

செப்டம்பர் 24, புதன்

கான்கிரீட் போட வேண்டிய நாள்.

வெளிச்சம் வருகிற நேரத்தில் அண்ணன் லோடு ஏற்றுகிற குட்டியானை வண்டியைக் கொண்டு வந்தார். பின்னால் இரண்டு பக்கமும் ஹாலோபிளாக் அடுக்கி நடுவில் இடம் விட்டிருந்தது. நாலு பேரும் படுத்தார்கள். மேலே தார்ப்பாய் போட்டுக் கட்டினார். நானும் நிவேதாவும் முன்னால் உட்கார்ந்தோம். நான் இருந்தால் சந்தேகப்பட மாட்டார்கள் என்று நினைத்தேன்.

முக்கில் கட்டை குறுக்கே கிடந்தது. மூன்று பையன்கள். ஒருவன் செல்வியின் தம்பி.

"எங்கண்ணே காலங்காத்தால?"

"தஞ்சாவூரு. கல்லு லோடு."

"அக்காவுமா?"

"பிள்ளைக்கு மந்திரிக்கணும். பயந்திருக்குல்ல" என்றேன்.

அவன் நிவேதாவைப் பார்த்துச் சிரித்தான். "இனிமே எவனும் வரமாட்டான் பாப்பா, மாமா இருக்கேன்" என்றான். நிவேதா என் சேலைக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள். இன்னொருவன் வண்டிக்குப் பின்பக்கமாக நடந்தான். தார்ப்பாயைத் தட்டுகிற சத்தம் கேட்டது. கயிற்றை இழுத்துப் பார்த்தான். உள்ளே ஒரு கல் நகர்ந்து உரசியது. அண்ணன் கியரைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தார்.

"லூசா கட்டியிருக்கியண்ணே, கல்லு ஆடுது" என்று அவன் முடிச்சை இறுக்கிக் கட்டிவிட்டுக் கட்டையை எடுத்தான்.

ஒரத்தநாடு தாண்டுகிறவரை அண்ணன் எங்கும் நிறுத்தவில்லை. ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்தித் தார்ப்பாயை அவிழ்த்தோம். நாலு பேர் முகமும் சிமெண்டுத் தூளில் வெளுத்திருந்தது. சுதாம் சட்டைக்காலரைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தான். சத்தம் வராமல் இருக்க.

ஸ்டேஷனில் சாப்பாடு வாங்கிக் கொடுத்தேன். என்ன சொல்வதென்று தெரியவில்லை. நான்தான் இருக்கச் சொன்னேன் என்று திரிலோசனிடம் சொன்னேன். "கம்பி மேல தண்ணி நிக்க விடாதீங்க அக்கா" என்றான். அண்ணன் தூரத்தில் தூண் ஓரமாக நின்றார். ரயில் நகர்ந்த பிறகும் அங்கேயே நின்றார்.

செப்டம்பர் 25, வியாழன்

குழுவில் இருந்து விலகினேன். யாரோ திரும்பச் சேர்த்தார்கள். மறுபடி விலகினேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

மழை. சென்டரிங் பலகை உப்பிக்கொண்டு நிற்கிறது. கம்பியில் செம்மண் நிறத்தில் துரு இறங்கிச் சுவரெல்லாம் வழிகிறது. மூன்று முட்டுச் சரிந்துவிட்டது. நிவேதாவை அந்தப் பக்கம் போகக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். ராத்திரி அங்கே ஆள் இல்லை என்பது எனக்கு நிம்மதியாக இருக்க வேண்டும். இரண்டு தாழ்ப்பாளும் போடுகிறேன், தூக்கம் வரவில்லை. இப்போது எதற்குப் பயப்படுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. தெருவில் நம் பையன்கள் பேசிக்கொண்டு போனால் விளக்கை அணைத்துவிடுகிறேன்.

அக்டோபர் 3, வெள்ளி

அவர் பேசினார்.

சேவியர் போனில் இருந்து. குரல் ரொம்பத் தூரத்தில் இருந்தது. "சுகந்தி" என்றார். நான் அழக் கூடாது என்று வாயில் துணியை வைத்துக்கொண்டிருந்தேன்.

"சும்மா கால்ல அடி. அவ்வளவுதான். ஒரு மாசத்துல நடந்துருவேன். நீ எப்படி இருக்க? பாப்பா எப்படி இருக்கா? ரூஃப் போட்டாச்சா?"

போட்டாச்சு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நல்லா வந்திருக்குங்க, தண்ணீர் கட்டியிருக்கிறோம் என்று அதற்கு அடுத்த வரிகூட நாக்கில் இருந்தது. அவருக்கு அது போதும், நிம்மதியாகத் தூங்குவார்.

"போடலைங்க" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். நான் அவர்களை இருக்கச் சொன்னதையும், ரீசார்ஜைச் சாயங்காலம் போடுகிறேன் என்றதையும், கடைத்தெருவில் நான் சத்தம் போட்டுச் சொல்லவில்லை என்பதையும். அவர் குறுக்கே பேசவே இல்லை. லைன் இருக்கிறதா என்று இரண்டு தடவை கேட்டேன். ம் என்றார்.

"அந்தப் பையனுக்கு எந்தக் கை?" என்றார்.

"வலது கைங்க. கம்பி கட்டுற கை."

அந்தப் பக்கம் யாரோ தட்டுத் தூக்கிப் போகிற சத்தம், இருமல், ஏதோ பாஷையில் யாரோ யாரையோ கூப்பிடுவது.

"எனக்குக் கால் இல்ல சுகந்தி" என்றார். "இடது காலு. முட்டிக்குக் கீழ எடுத்துட்டாங்க."

நான் கையில் இருந்த துணியைக் கீழே வைத்தேன். அழவில்லை. எப்படி அழாமல் இருந்தேன் என்று தெரியவில்லை.

"சரி" என்றேன். "வாங்க."

அக்டோபர் 7, செவ்வாய்

ரெத்தினம் மேஸ்திரி வந்து பார்த்தார். கம்பியைத் தேய்த்துத் துடைத்துவிட்டால் போதும், பலகையைப் பிரித்து மறுபடி அடிக்க வேண்டும் என்றார். நான் அவரை வாசல் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். பேஸ்மட்டம் என் இடுப்பு உயரம். வெள்ளம் வந்தால் ஏறக் கூடாது என்று மஸ்கட்டில் இருந்து அவர்தான் உயர்த்தச் சொல்லியிருந்தார்.

"இங்க படி வேணாம் மேஸ்திரியண்ணே. தெருவுல இருந்து சாய்வா வச்சிருங்க. சக்கர நாற்காலி ஏறுற மாதிரி. உள்ள கதவையும் அகலப்படுத்தணும், குளியலறை வீட்டுக்குள்ளயே வேணும்."

மேஸ்திரி என்னைப் பார்த்தார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். ஏன் என்று கேட்கவில்லை.

"செஞ்சிரலாம் தங்கச்சி" என்றார். "ஆளு வந்ததும் செஞ்சிரலாம்."

"ஆளு எப்பண்ணே வரும்?"

"வங்காளத்துல ஒரு செட்டு இருக்கு. கேட்டிருக்கேன். தீவாளி கழிச்சு வர்றோம்னு சொன்னானுவ. அப்புறம் எந்த ஊருன்னு கேட்டானுவ, சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

மேஸ்திரி துண்டை உதறி மறுபடி தலையில் கட்டிக்கொண்டார்.

"யோசிச்சுச் சொல்றோம்னானுவ" என்றார்.